எதிர்ச்சுற்று

அந்த வீட்டில் கிட்டார் ஒலிக்க ஆரம்பித்தால் முதலில் சாத்திக்கொள்வது அண்ணியின் அறைக் கதவுதான். கோபத்தில் அறைந்து சாத்துவதில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் சாத்துவதுபோல மெதுவாக, கடைசியில் தாழ்ப்பாள் மட்டும் 'டக்' என்று விழும். பதினொரு வருடமாக இதுதான். அண்ணிக்கு இசை ஆகாது என்று வண்டு முடிவு கட்டியிருந்தான். ஒருநாள் அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தான்.

"உன் வாசிப்பு ஆகலைன்னு வேணா சொல்லு. இசைய ஏன்டா நடுவுல இழுக்கிற?" என்றான் பேருந்து ஓட்டுநரான அண்ணன், காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

வண்டு என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. வாரத்தில் ஐந்து நாள் அவன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். குளியலறைச் சுவருக்குச் சாம்பல் நிறமா, தந்த நிறமா என்று கணவனும் மனைவியும் அடித்துக்கொள்ளும்போது நடுவில் நின்று புன்னகைப்பதுதான் வேலை. சனி ஞாயிறுகளில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். நீல நிறக் கிட்டார். அதன் கழுத்து அவன் உள்ளங்கைக்கு அளவெடுத்து இழைத்தது மாதிரி இருக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபையரில் சொருகிய மாத்திரத்தில், விரல் தந்தியைத் தொடும் முன்பே, 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கிளம்பும். மேடை விளக்குகளுக்குப் பக்கத்தில் போனால் அது இரண்டு மடங்கு. குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு நிகழ்ச்சியில் மைக் திறந்திருப்பதை மறந்து, "யாருப்பா மேடைக்குள்ள வண்டை விட்டது?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் போனால் போகட்டும். அடுத்த அடி வேறு மாதிரி விழுந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஓர் அரங்கத்தில், பதினைந்து நாள் கழித்துக் குழுவுக்கு நிகழ்ச்சி கிடைத்தது. மாஸ்டர் ஒத்திகை முடிந்ததும் அவனைத் தனியே அழைத்தார்.

"அங்க லைட்டெல்லாம் ஏத்தி இறக்கற லைட்டு. உன் கிட்டார் பாடப் போறதில்ல, அலறப் போகுது. ஒண்ணு அத சரி பண்ணிக் கொண்டா. இல்லன்னா அன்னிக்கு ஒருநாள் மட்டும் வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க அவனால் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு விரித்து, கிட்டாரை மல்லாத்தி, செல்போனில் ஒரு வீடியோவை ஓட விட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தான். தந்திகளைக் கழற்றினான். மேல்தகட்டைத் தூக்கினான். அடியில் வரிசையாக மூன்று பிக்கப்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஆறு குட்டிக் காந்தக் குச்சிகள். அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் துளிர்க்கும். அதுதான் ஆம்ப்ளிஃபையருக்குப் போய் சத்தமாகிறது. இவ்வளவும் வீடியோவில் சொன்னார்கள். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

வழுக்கியது. நடு பிக்கப்பின் வயிற்றில் ஒரு கீறல். செம்பு இழைகள் பொசபொசவென்று பிரிந்து நின்றன.

அவன் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தபோது, தட்டு வைக்க வந்த அண்ணி அப்படியே நின்றாள். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"தம்பி, இது காயில்தானே?"

"ஆமா அண்ணி. போச்சு. எல்லாம் போச்சு."

"காயில் போனா போச்சுன்னு அர்த்தமில்ல. சுத்தணும்னு அர்த்தம்," என்றாள் அண்ணி.

அண்ணிக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை. எரிந்துபோன பம்பு மோட்டார், மின்விசிறி, மிக்ஸி என்று வருவதையெல்லாம் பிரித்து, கருகிய சுருளை வெட்டி எடுத்து, புதிதாகச் சுற்றி உயிர் கொடுத்து அனுப்புவாள். பதினைந்து வருடமாகச் செய்கிறாள். இது வண்டுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, நினைத்துப் பார்ப்பது வேறு. அண்ணி வேலைக்குப் போகிறாள், வருகிறாள் என்பதற்கு மேல் அவன் யோசித்ததே இல்லை.

"உங்களுக்குத்தான் கிட்டார் சத்தமே புடிக்காதே அண்ணி?"

"யார் சொன்னது?" அண்ணி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "நீங்க வாசிக்கிறது எனக்குப் புடிக்கும். அடியில ஒரு 'ம்ம்'னு ஓடுதே, அதத்தான் தாங்க முடியல. நாள் முழுக்க அந்தச் சத்தத்துலதான் நிக்கறேன். பட்டறைல நாப்பது மோட்டாரும் அதே சுருதிலதான் கத்தும். வீட்டுக்கு வந்தா இங்கயும் அதுவேன்னா மனுஷி எங்க போவா? அதான் கதவ சாத்திக்கறது."

பதினொரு வருடக் கணக்கு ஒரே நிமிடத்தில் தலைகீழானது.

அண்ணி சாப்பிடக்கூட உட்காரவில்லை. மற்ற இரண்டு பிக்கப்கள் உயிரோடுதானே இருக்கின்றன, தந்தியை மாட்டி ஆம்ப்ளிஃபையரைப் போடுங்கள் என்றாள். போட்டான். ரீங்காரம் கிளம்பியது.

"அப்படியே நின்ன எடத்துல மெதுவா திரும்புங்க."

கிட்டாரை மாட்டிக்கொண்டு கடிகார முள் மாதிரித் திரும்பினான். சன்னல் பக்கம் பார்த்து நின்றபோது ரீங்காரம் ஓங்கியது. சமையலறை வாசலைப் பார்த்தபோது ஏறக்குறைய செத்துப்போனது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் மறுபடி உயிர்த்தது. குளித்துவிட்டு வந்த அண்ணன் இந்தக் காட்சியைப் பார்த்து, "என்ன, தம்பிய வித்துடலாம்னு சுத்திக் காட்றியா?" என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சுவத்துக்குள்ள ஓடற கரண்டு, லைட்டு, ஃபேனு எல்லாத்தையும் இந்தக் காயில் வாங்குது. தந்திய கேக்கறதுக்கு வெச்ச காது ஊர்ப் பேச்சையும் சேத்துக் கேக்குது. அவ்வளவுதான் விஷயம். நாளைக்கு மத்தியானம் பட்டறைக்கு வாங்க."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனான். அண்ணி வேலை செய்யும் இடத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. தரையெங்கும் வெட்டிப்போட்ட செம்புத் துணுக்குகள் மின்னின. கதவு திறந்த அடுப்புக்குள் வார்னிஷ் பூசிய நான்கு மோட்டார்கள் காய்ந்துகொண்டிருந்தன. முதலாளி தன் மேசையிலிருந்து நிமிர்ந்து, "வாங்க, உங்களுக்காக ரிலே காயில் மாதிரி சன்னக் கம்பி சுத்தற மெஷின ஒதுக்கிக் குடுத்திருக்கேன். அவங்க கேட்டா நான் இல்லைன்னு சொல்றதில்ல," என்றார். அந்த 'அவங்க'வில் இருந்த மரியாதையை வண்டு குறித்துக்கொண்டான். மூலையில் ஒருவர் பம்பு மோட்டாரை ஓட விட்டுவிட்டு, "அக்கா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க," என்றார். அண்ணி போகிற போக்கில் தலையைச் சாய்த்து, "பின்பக்க பேரிங்," என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்கு வந்தாள். அவர் உடனே பின்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தார். சந்தேகமே படவில்லை.

அண்ணி பிய்ந்த சுருளை அறுத்து எடுக்கவில்லை. இழையின் நுனியைத் தேடிப் பிடித்து, எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று முதலில் பார்த்து, ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டாள். பிறகு நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"தம்பி, ஒண்ணு தோணுது. இத நான் எதிர்ப்பக்கமா சுத்தப் போறேன். பக்கத்துல இருக்கற காயில் வலமா சுத்தினது, இது இடமா சுத்தினதுன்னா, ரெண்டுலயும் வர்ற இரைச்சல் நேருக்கு நேர் மோதிக்கும். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும். மிச்சம் எதுவும் இருக்காது."

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. தலையாட்டினான்.

எந்திரம் சுழல ஆரம்பித்தது. அண்ணி இழையை இரண்டு விரல் நடுவில் விட்டு, பக்கவாட்டில் அப்படியும் இப்படியும் ஒரு நெல் அகலத்துக்கு நகர்த்திக்கொண்டே இருந்தாள். இழை கண்ணுக்கே தெரியவில்லை. வெளிச்சம் படும்போது மட்டும் காற்றில் ஒரு கீற்று தெரிந்து மறைந்தது. இழுத்துப் பிடித்தால் அறும். தளர விட்டால் சுருள் தொளதொளவென்று ஆகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த மயிரிழை இடத்தில் அவள் விரல்கள் நின்றன. எண்காட்டி ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறியது. வண்டு மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். தந்தியை அழுத்திச் சுருதியை வளைக்கும்போது தன் விரலுக்கு இருக்க வேண்டிய பக்குவம் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. தனக்கு அது பத்து நாளில் ஒருநாள் வாய்க்கும். அண்ணிக்குத் தினமும் வாய்க்கிறது.

ஆறாயிரத்துச் சொச்சத்தில் இழை அறுந்தது.

அவன் "ஐயோ" என்றான். அண்ணி எந்திரத்தை நிறுத்தி, எண்காட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சுற்றியதை எல்லாம் உருவிப் போட்டாள்.

"முடிச்சுப் போட்டுத் தொடரக்கூடாதா அண்ணி?"

"போடலாம். ஓடவும் செய்யும். ஆனா அங்க ஒரு முடிச்சு இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

இரண்டாவது முறை எட்டாயிரம் சுற்றும் அறாமல் முடிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்து, "உயிர் இருக்கு," என்றாள்.

அன்று மாலையிலும் மறுநாளும் வீட்டில் கிட்டாருக்கு வைத்தியம் நடந்தது. சுருளை உருகிய மெழுகில் முக்கி எடுத்தார்கள்; இல்லையென்றால் இழைகள் தாமே நடுங்கிக் கிறீச்சிடும். பிக்கப்கள் உட்காரும் மரக்குழி முழுக்கச் செம்புத் தாள் ஒட்டினாள் அண்ணி, பரிசுப் பெட்டிக்கு உள்ளுறை போடுவதுபோல மடிப்பு மடிப்பாக. ஆடிக்கொண்டிருந்த கேபிள் துளையை இறுக்கினாள். கழுத்து நுனியில் தந்தி உட்காரும் காடிகளில் பென்சில் கரியைத் தேய்க்கச் சொன்னாள். "இரும்பு வழுக்கணும்னா கரி தேய்ப்போம். இதுவும் இரும்புதானே?" அதுவரை தந்தியை முறுக்கும்போதெல்லாம் 'டிங்' என்று சிக்கிச் சிக்கிச் சுருதி விலகும். இப்போது வெண்ணெய் மாதிரி ஏறியது.

பிறகு ஆம்ப்ளிஃபையரைப் போட்டார்கள். ஸ்விட்சைத் தள்ளி, நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் நிறுத்தினான் வண்டு.

நிசப்தம். ஆம்ப்ளிஃபையர் அணைந்துவிட்டதோ என்று சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தான். எரிந்துகொண்டிருந்தது. அண்ணனே வாயைப் பிளந்தான்.

வண்டு ஆசையாகத் தந்தியை மீட்டினான். தகர டப்பாவுக்குள் கொசு அழுவதுபோல ஒரு சன்னமான, உள்ளீடற்ற சத்தம் வந்தது. அடித்தொண்டை இல்லை, சதை இல்லை. எலும்பு மட்டும்.

"இரைச்சலும் போச்சு, பாட்டும் போச்சு," என்றான் அண்ணன். "ஒரே வீச்சுல ரெண்டையும் தொரத்திட்டீங்க."

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"ரெண்டு ஒயரையும் எடம் மாத்தி வெச்சா, அண்ணி?"

"பாட்டு வரும். கூடவே இரைச்சலும் வரும். சுத்தினதுக்கே அர்த்தமில்லாம போயிடும்." அவள் உதட்டைக் கடித்தாள்.

"நெட்டுல தேடிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். ரெண்டு நாள் குடுங்க. எனக்கே வரட்டும்."

அந்த இரண்டு நாளும் அண்ணி சாப்பாட்டில் உப்புப் போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. துணி மடிக்கும்போது ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். வண்டுக்குச் செல்போனில் தேட விரல் துறுதுறுத்தது; அவள் சொன்ன சொல்லுக்காக அடக்கிக்கொண்டான். நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கடையில் ஒரு தம்பதி நீலச் சதுரமா, பச்சை அறுகோணமா என்று உச்சத்தில் இருக்கும்போது போன் அடித்தது.

"தம்பி, காந்தம்!" என்றாள் அண்ணி. பின்னால் நாற்பது மோட்டார் கத்தின.

"என்ன அண்ணி?"

"கேளுங்க. இரைச்சல் வெளியிலேர்ந்து வருது. அதுக்குக் காந்தத்தப் பத்திக் கவலையே இல்ல, காயில் எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னுதான் பாக்கும். ஆனா தந்தியோட சத்தம் காந்தத்தாலதான் வருது. நான் காயில மட்டும் திருப்பினேன். அதனால இரைச்சலோட பாட்டும் சேந்து மோதிக்கிச்சு. காந்தத்தையும் தலைகீழா வெச்சா? பாட்டு ரெண்டு தடவ திரும்பும். ரெண்டு தடவ திரும்பினா நேரா ஆயிடும். இரைச்சல் ஒரு தடவதான் திரும்பும்!"

வண்டு கடை நடுவில், கையில் பச்சை அறுகோணத்தோடு நின்றான். இந்தத் தடவை முழுக்கப் புரிந்தது. புரிந்ததும் உடம்பு சிலிர்த்தது.

"அண்ணி, நீங்க..." என்று ஆரம்பித்தான்.

"பச்சையே குடுத்துடுங்க," என்றாள் வாடிக்கையாளர் அம்மா, அவன் முகத்தில் தெரிந்த பரவசத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு.

காந்தக் குச்சிகளைப் புரட்ட வேண்டுமென்றால் சுருளைக் கழற்றியாக வேண்டும். அறாமல் சுற்றிய அந்த எட்டாயிரம் சுற்றையும் அண்ணி தன் கையாலேயே உருவிப் போட்டாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தான் வண்டு. அதில் துளி வருத்தம் இல்லை. விடை தெரிந்த கணக்கை எழுதி முடிக்கிற அவசரம்தான் இருந்தது. ஆறு குச்சிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துத் தலைகீழாகச் சொருகினாள். மோட்டார் துருவம் பார்க்கிற குட்டித் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். முள் பட்டென்று மறுபக்கம் திரும்பியது. "ம்," என்றாள். மூன்றாவது முறையாக எந்திரம் சுழன்றது.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் வண்டு தந்தியைத் தொட்டபோது நிசப்தத்திலிருந்து சத்தம் பிறந்தது. வேறெப்படிச் சொல்வது? அதற்கு முன் எதுவும் இல்லை. பிறகு கண்ணாடி மணி போல, வயிறு நிறைந்த, ஓரங்கள் துலங்கும் ஒரு சுரம். அது நீண்டு, இளைத்து, முடிந்தது. முடிந்தபின் மறுபடி எதுவும் இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தலையைக் குனிந்து கேபிளைச் சரிசெய்வதுபோல நடித்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஆசையை அடக்க மாட்டாமல் செல்போனில் தேடினான். தேடியிருக்கக் கூடாது என்று தோன்றியது. சுருளைத் திருப்பு, காந்தத்தையும் திருப்பு: பல பத்தாண்டுகளாகக் கிட்டார் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. சொல்வதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் போனை அவள் முன் நீட்டினான்.

அண்ணி நிதானமாகப் படித்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது; அப்படி ஒரு மலர்ச்சியை அவன் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

"என்னங்க, இங்க வாங்க!" என்று அண்ணனைக் கூப்பிட்டாள். "நான் சொன்னது அப்படியே போட்டிருக்கு பாருங்க. ஒரு எழுத்து மாறல!"

சரியான கிட்டார் ஒரு புதுத் தொல்லையையும் கொண்டுவந்தது. இரைச்சல் போன இடத்தில் வண்டுவின் பிழைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து நின்றன. அரைகுறையாக அழுத்திய சுரம், விரல் தாவும்போது வரும் கீச்சொலி, அவசரத்தில் விழுங்கிய தாளம், எதற்கும் இப்போது ஒளிய இடமில்லை. அடுத்த ஒத்திகையில் மாஸ்டர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரு பண்ணினது?"

"எங்க அண்ணி."

"கும்பிடணும்பா அவங்கள." ஒரு நொடி நிறுத்தி, "இவ்வளவு நாள் நீ அந்த இரைச்சலுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தியா?" என்றார்.

வண்டு சிரித்தான், ஆனால் வலித்தது. மிச்சமிருந்த ஏழு நாளும் கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம், ஒரே பாட்டை உளி வைத்துச் செதுக்குவதுபோல வாசித்தான். வாசிப்பு அறுந்தால் உருவிப் போட்டு முதலிலிருந்து தொடங்கினான். முடிச்சுப் போடவில்லை.

நிகழ்ச்சி மதிய வேளையில் நடந்தது. அரங்கம் புதுப் பெயின்ட் வாசனையோடு நிரம்பியிருந்தது. விளக்குகள் மங்கி எழும்போதெல்லாம் பாடகியின் மைக்கில்கூட லேசாக ஓர் உறுமல் வந்தது. கிட்டாரில் வரவில்லை. மூன்றாவது வரிசையில் அண்ணி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் மோட்டாரைக் கேட்கிற அதே சாய்வு. நான்காவது பாட்டின் நடுவே வண்டுக்குத் தனி வாசிப்பு. மற்றவர்கள் எல்லோரும் ஓய, அவன் மட்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடம் அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கைதட்டல் எழுந்தபோது மாஸ்டர் மைக்கை எடுத்தார். வாசித்தவன் பெயரைச் சொன்னார். பிறகு, "இந்தக் கிட்டாரைச் செஞ்ச கை மூணாவது வரிசைல இருக்கு," என்று கையை நீட்டினார். அண்ணி எழுந்திருக்கவில்லை. அண்ணன்தான் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். பேருந்து நிலையத்தில் கூவுகிற குரலில், "இவதான்! இவதான்!" என்றான்.

வெளியே பாஸ் கிட்டார்க்காரர் தன் பெட்டியோடு காத்திருந்தார். "அக்கா, என்னோடதும் ஒண்ணு கொஞ்சம் உறுமுது..." என்று இழுத்தார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொண்டாங்க," என்றாள் அண்ணி. "நீங்களா மட்டும் தெறந்துடாதீங்க."

மறுநாள் காலை, அண்ணன் வண்டிக்குக் கிளம்பிப் போனபின், வண்டு கூடத்தில் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி ஈரக் கையைத் துண்டில் ஒற்றிக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த நாலாவது பாட்டுல, கடைசிக்கு முந்தின சுரம். கொஞ்சம் கீழ நின்னுச்சு. இல்ல?"

மேடையில் இருந்த மற்ற நான்கு பேரும் கண்டுபிடிக்காத பிழை அது. "ஆமா அண்ணி," என்றான்.

"ஒரு தடவ நான் புடிச்சுப் பாக்கலாமா?"

அவன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கிட்டாரைக் கொடுத்தான். அவள் அதை மடியில் வைத்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு குனிந்து, காதை மரத்தில் பதித்து, கட்டை விரலால் தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டினாள்.

"என்ன பாக்கறீங்க அண்ணி?"

"உஷ். எங்க முடியுதுன்னு."

அவளுக்கு அது முடிய வெகுநேரம் ஆயிற்று.